கண்ணைக் கசக்குகிறாள் என்றீர்களே, அங்கிருந்து தொடங்குவோம்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்கு 22 வயது. புதுச்சேரி நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில்லிங்கில் இருக்கிறாள். ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. இப்போது வலது கண்ணுக்கு மைனஸ் 4.50, சிலிண்டர் 2.75. இடது கண்ணுக்கு மைனஸ் 4, சிலிண்டர் 1. இரண்டு வருடத்துக்கு முந்தைய சீட்டில் வலது கண் 3.50, சிலிண்டர் 1.25 என்று இருக்கிறது. வரன் பார்க்கிறோம், அதற்குள் கண்ணாடியை எடுத்துவிட்டால் நல்லது என்று நினைக்கிறோம். போன மாதம் ஒரு முகாமில் லேசர் செய்யலாம், பத்து நிமிட வேலை, இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். கார்னியா தடிமன் 488 என்று எழுதிக் கொடுத்தார்கள். லேசிக், ஸ்மைல், ஐசிஎல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது? அவளுக்கு அடிக்கடி கண் அரிக்கும், கசக்கிக்கொண்டே இருப்பாள். மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டால் நின்றுவிடும். மற்றபடி ஒரு குறையும் இல்லை. எனக்கு வயது 47, தையல் வேலை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. எனக்கும் சேர்த்துச் செய்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்டது "எது நல்லது" என்று. நான் பேனாவால் அடிக்கோடு போட்டது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, "கசக்கிக்கொண்டே இருப்பாள்". இன்னொன்று, வலது கண்ணின் சிலிண்டர் இரண்டு வருடத்தில் 1.25-லிருந்து 2.75 ஆகியிருப்பது. "மற்றபடி ஒரு குறையும் இல்லை" என்று முடித்திருக்கிறீர்கள். இந்த இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்தால் குறை இருக்குமோ என்றுதான் கண் டாக்டருக்கு யோசனை போகும். முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம். கட்டியாகிவிட்டது என்றால், கட்டிய பணம் வீணாகிவிடுமே என்று தேதி குறித்துவிடாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான மூடி இருக்கிறது. அதுதான் கார்னியா, தமிழில் கருவிழிப் படலம். கறுப்பாகத் தெரிவது அதற்குப் பின்னால் இருக்கும் திரை. படலத்துக்கு நிறமே கிடையாது. நடுவில் அதன் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கண்ணுக்குள் வரும் ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்த மூடிதான் செய்கிறது. கிட்டப்பார்வைக் கண் பெரும்பாலும் கொஞ்சம் நீளமான கண். பிம்பம் விழித்திரையை எட்டுவதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். மூடி உருண்டைப் பந்துபோல எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளையாமல் முட்டையைப் படுக்கவைத்ததுபோல இருந்தால், அந்தக் கோணலைச் சரிசெய்யத்தான் சிலிண்டர்.

லேசர் என்று ஊரெல்லாம் சொல்வது இந்த மூடியைச் சீவித் தட்டையாக்குகிற வேலை. தச்சர் இழைத்த பலகையில் சீவலைத் திரும்ப ஒட்ட முடியாது. இதுவும் அப்படித்தான்.

22 வயதுப் பெண்ணுக்கு ஒரு கண்ணில் மட்டும் சிலிண்டர் இப்படி ஏறுகிறது, அரிப்பும் இருக்கிறது, தடிமனும் சராசரிக்குக் கீழே 488. அப்படியென்றால் கெரட்டோகோனஸ் என்ற நோய் இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கருவிழிப் படலம் மெலிந்து, நடுவிலோ சற்றுக் கீழேயோ கூம்புபோல முன்னால் துருத்திக்கொண்டு வருவது அது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும், முப்பது முப்பத்தைந்து வரைகூட மெல்ல ஏறும், பெரும்பாலும் ஒரு கண்ணில் முந்திக்கொள்ளும். வலி கிடையாது, சிவப்பும் கிடையாது. கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டும் திருப்தி வராது, இரவில் தெருவிளக்குக்கு வால் முளைத்ததுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

கண் அரிப்புள்ளவர்களிடம், அதிலும் அழுத்திக் கசக்குகிறவர்களிடம், இதை அதிகம் பார்க்கிறோம். இன்று ராத்திரி அவள் கடையிலிருந்து வந்து கண்ணாடியைக் கழற்றி வைத்ததும் அவளுக்குத் தெரியாமல் கவனியுங்கள். விரல் நுனியால் இமை ஓரத்தைச் சொறிந்துவிட்டு விடுகிறாளா, விரல் முட்டியைக் கண்மேல் வைத்துச் சப்பாத்தி மாவு பிசைவதுபோல வட்டமாக அழுத்துகிறாளா? இரண்டாவது என்றால் அதை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை.

நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் பார்த்துப் பலன் சொல்வது ஜோசியர் வேலை. கான்டாக்ட் லென்ஸ் போடுகிற பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. லென்ஸ் அழுத்திக் கருவிழியின் வடிவம் தற்காலிகமாக மாறுவதும் உண்டு. இரண்டு சீட்டும் இரண்டு கடையில் அவசரமாகப் பார்த்ததாக இருக்கலாம். ஆனால் சந்தேகம் தீராமல் லேசர் வைப்பது, மெலிந்து நிற்கிற சுவரிலிருந்து செங்கல் உருவுவது மாதிரி. எங்கோ வெளியூரில் லேசர் செய்துகொண்ட ஒரு பையன், மூன்றாம் வருடம் என்னிடம் வந்தான். "ஆறு மாசம் சூப்பரா இருந்துச்சு சார், இப்ப எதிரே வர்ற பைக் ஹெட்லைட் மூணா தெரியுது" என்றான். சீவியபிறகு மிச்சமிருந்த படலம் கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் பிதுங்கிவிட்டது. பழைய ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்கேனே எடுக்கவில்லையாம்.

அப்புறம், அந்தச் சொட்டு மருந்து. "மெடிக்கலில் வாங்கிப் போட்டால் நின்றுவிடும்" என்ற வரியும் எனக்குப் பயம் தருகிறது. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பு உடனே அடங்கும், அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் கண்ணின் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறி நரம்பைத் தின்னும். இளம் வயதிலேயே கண்புரையும் வரலாம். கண் டாக்டரிடம் காட்டி, அரிப்புக்கென்றே நாள்பட்டுப் போடக்கூடிய ஸ்டீராய்டு இல்லாத மருந்தாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை அரிக்கும்போதெல்லாம் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய இமைமேல் வைக்கட்டும்.

சரி, முகாமில் கொடுத்த 488-க்கு வருவோம். அது ஓர் இடத்தில் எடுத்த தடிமன். 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை: மழை எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்தால் போதாது, தண்ணீர் எந்தத் தெருவில் நிற்கும் என்று தெரிய வேண்டும். கருவிழிக்கும் அப்படி ஒரு வரைபடம் இருக்கிறது. கார்னியல் டோபோகிராபி என்று கேளுங்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் எடுக்கிற பென்டகேம் போன்ற கருவியாக இருந்தால் இன்னும் நல்லது. தாடையை வைத்து நெற்றியை ஒட்டி உட்கார்ந்தால், நீல ஒளிக்கோடு ஒன்று சுற்றி வரும். இரண்டு நொடி இமைக்காமல் இருந்தால் போதும். வலி இல்லை, கண்ணைத் தொடவும் மாட்டார்கள். தாளில் நிறம் நிறமாக ஒரு வட்டம் வரும். பச்சையும் மஞ்சளும் சீராகப் பரவியிருந்தால் நிம்மதி. நடுவுக்குக் கீழே தனியாக ஒரு சிவப்புத் திட்டு, அதே இடத்தில் தடிமனும் குறைவு என்றால் சந்தேகம் வலுக்கிறது. வளைவு சாதாரணமாக 43, 44 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) இருக்கும். 47, 48-ஐத் தாண்டினால் யாராக இருந்தாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்கள்.

வரைபடம் நல்லபடியாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 488 ஒரு கணக்குக் கேட்கும். நீங்கள் தையல்காரர், துணி போதுமா என்று பார்க்காமல் கத்தரி வைக்க மாட்டீர்கள். அதே கணக்குதான்.

லேசிக்கில் முதலில் கருவிழியின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய மூடியைப் புத்தக அட்டைபோலத் திறப்பார்கள். அதன் கனம் ஏறக்குறைய 110 மைக்ரான். அதற்கு அடியில்தான் லேசர் சீவும். பவர் ஒன்றுக்குச் சுமார் 14 மைக்ரான் போகும். வலது கண்ணில் 4.50, அதோடு சிலிண்டர் 2.75, ஆக ஒரு திசையில் மொத்தம் 7.25. பெருக்கினால் 100 மைக்ரானுக்குப் பக்கம். 488-இல் 110 போக, 100 போக, அடியில் நிற்பது 278. குறைந்தது 250 நிற்க வேண்டும் என்பது பழைய விதி. அந்த விதியைக் காட்டி "பாஸ்" என்று சொல்லிவிடலாம். 300 ஆவது வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கும் டாக்டர்கள் நிறைய. நானும் அந்தக் கட்சி. இன்னொரு விதத்தில் பார்த்தாலும் மொத்தத் தடிமனில் நூற்றுக்கு 43 பங்கில் கை வைக்கிறோம். 40-ஐத் தாண்டினாலே பின்னால் பிதுங்கும் அபாயம் கூடுகிறது. ஆகவே வரைபடம் சுத்தமாக இருந்தாலும் உங்கள் மகளின் வலது கண்ணுக்கு லேசிக் வேண்டாம் என்பேன்.

அந்த மூடியைத் திறக்காமலே மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டுச் சீவுவது பிஆர்கே. மேல்தோல் 50 மைக்ரான்தான், அதுவும் நாலைந்து நாளில் தானாக வளர்ந்துவிடும். அடியில் நிற்பது 338. கணக்குக்கு இது ஒத்துவரும். ஆனால் முதல் மூன்று நாள் நல்ல எரிச்சல், வெளிச்சம் பார்க்க முடியாது, கட்டுப்போட்டதுபோல ஒரு லென்ஸை வைத்து அனுப்புவார்கள். பார்வை தெளிய வாரக்கணக்காகும். பழைய முறை என்று விளம்பரத்தில் இதை ஓரங்கட்டுகிறார்கள். படலம் மெலிந்தவர்களுக்கும், கபடி, குத்துச்சண்டை என்று அடிபடுகிற விளையாட்டில் இருப்பவர்களுக்கும் இன்றைக்கும் நான் முதலில் யோசிப்பது இதைத்தான். திறந்து மூடிய லேசிக் மூடி பலமாக அடிபட்டால் வருடங்கள் கழித்தும் நகரக்கூடும். பிஆர்கேயில் நகர எதுவும் இல்லை.

ஸ்மைல் என்பதில் திறப்பே இல்லை. படலத்துக்கு உள்ளேயே லேசரால் ஒரு பொட்டு அளவு மெல்லிய வில்லையைச் செதுக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல் வழியாக உருவிவிடுவார்கள். லேசிக்கில் சுற்றிலும் இருபது மில்லிமீட்டர்போல வெட்டு விழும் இடத்தில் இங்கே இவ்வளவுதான். அதனால் நரம்பு அறுபடுவது குறைவு, கண் வறட்சி குறைவு. ஏசியில் உட்கார்ந்து நாள் முழுக்கத் திரையைப் பார்க்கும் உங்கள் மகளுக்கு அது ஒரு லாபம்தான். ஆனால் வில்லையின் கனமும் படலத்திலிருந்துதான் போகிறது. சாவித் துவாரம் சின்னது என்பதால் வீட்டுக்குள்ளிருந்து எடுத்த சாமான் குறைந்துவிடாது. கெரட்டோகோனஸ் சந்தேகம் இருக்கிற கண்ணுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான், கூடாது.

லேசிக்கிலும் பிஆர்கேயிலும் சீவுகிற எக்ஸைமர் லேசரைப் பற்றி ஒரு சின்னக் கதை. உடலின் தசையைக் கருக்காமல் சீவ எக்ஸைமர் லேசரால் முடியும் என்று காட்டிய மூவரில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், 1929-இல் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1981 நவம்பரில், அமெரிக்காவில் அவர்கள் வீட்டு விருந்தில் மிஞ்சிப்போன வான்கோழித் துண்டை ஐபிஎம் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் அதன்மேல்தான் முதலில் சோதித்தார்கள். ஓரம் கருகாமல் கோடு விழுந்தது. கறிக்குழம்பு மிச்சத்தில் இத்தனை விஷயம் இருக்கிறது என்று என் மாணவர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஐசிஎல் வேறு ஜாதி. கருவிழியைச் சீவுவதில்லை. ஒரு சின்னக் கீறல் வழியாக, கண்ணின் நிறத்திரைக்குப் பின்னால், கண்ணின் சொந்த லென்ஸுக்கு முன்னால், மடித்த லென்ஸ் ஒன்றை உள்ளே விரித்து வைப்பது. சிலிண்டருக்கும் சேர்த்தே லென்ஸ் வருகிறது. படலம் மெலிந்தவர்களுக்கும், மைனஸ் 8, 10 என்று உயர்ந்த பவர்காரர்களுக்கும் இதுதான் கைகொடுக்கிறது. வேண்டாம் என்றால் வெளியே எடுக்கலாம். ஆனால் கண்ணுக்குள் இறங்கிச் செய்கிற ஆபரேஷன் இது. கருவிழிப் படலத்துக்குப் பின்னால் இருக்கும் முன்னறையின் ஆழம் 2.8 அல்லது 3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். லென்ஸின் அளவு சரியாக அமையாவிட்டால் அழுத்தம் ஏறலாம், இயற்கை லென்ஸில் உரசிப் புரை வரலாம். அபூர்வம் என்றாலும் கிருமித் தொற்று என்ற பயமும் உண்டு. வருடா வருடம் வந்து காட்ட வேண்டும். செலவும் மற்றவற்றைவிட அதிகம். முட்டியை வைத்துக் கண்ணைப் பிசைகிற பழக்கம் நிற்காமல் இதை வைக்க எனக்கு மனம் வராது.

ஒருவேளை ஸ்கேனில் கெரட்டோகோனஸ்தான் என்று வந்துவிட்டால்? பயப்பட வேண்டாம், வழி இருக்கிறது. ஆனால் அது கண்ணாடியைக் கழற்றும் வழி இல்லை, நோயை நிறுத்தும் வழி. ஆஸ்பத்திரியில் சி-த்ரீ-ஆர் என்பார்கள். பி2 வைட்டமின் கலந்த மஞ்சள் சொட்டு மருந்தைக் கருவிழியில் ஊறவைத்து, புறஊதா ஒளியைக் காட்டுவார்கள். படலத்தின் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும். பெரும்பாலானவர்களுக்குக் கூம்பு மேலும் வளர்வது நின்றுவிடுகிறது. மேல்தோலை நீக்கிச் செய்வதால் நாலைந்து நாள் வலி உண்டு. இதற்கும் படலம் குறைந்தது 400 மைக்ரானாவது இருப்பது நல்லது, ஆகவே "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. அதன்பிறகு கடினமான கான்டாக்ட் லென்ஸ் வைத்தோ, பவர் ஒரு வருடமாவது நிலையாக நின்றால் சிலருக்கு ஐசிஎல் வைத்தோ பார்வையைத் திருத்தலாம்.

எல்லாம் நல்லபடியாக வந்தாலும் இப்போதே செய்யலாமா என்றால், அதற்கும் "பொறுங்கள்" என்றுதான் சொல்வேன். பவர் ஒரு வருடமாவது அரைப் புள்ளிக்குமேல் மாறாமல் நிற்க வேண்டும். உங்கள் மகளுக்கு அது நிற்கவில்லை. ஏறிக்கொண்டிருக்கும் பவரைச் சீவினால் அடுத்த தீபாவளிக்குத் திரும்பக் கண்ணாடிக் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் செய்ய மாட்டார்கள், அப்போது பவரே ஆடும். கல்யாணத்தை ஒட்டி அவசரப்படுத்தினால் இந்தக் கணக்கெல்லாம் இடித்துக்கொள்ளும்.

செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். காலையில் கண் விழித்ததும் சுவர்க் கடிகாரத்தில் மணி தெரிகிற சந்தோஷத்தைக் கண்ணாடி போடாதவர்களுக்கு விளக்கவே முடியாது. ஆனால் சில மாதம் கண் வறண்டு மணல் விழுந்ததுபோல உறுத்தலாம், இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். சில்வர் பீச்சில் கடலில் இறங்கிக் குளிப்பதை ஒரு மாதம் மறந்துவிட வேண்டும். இன்னொன்றைப் பலர் தெரிந்துகொள்வதே இல்லை: கண்ணாடி போய்விட்டாலும் உள்ளே அது நீளமான கிட்டப்பார்வைக் கண்தான். விழித்திரையில் ஓட்டை விழும் அபாயம் அப்படியே இருக்கும். அதனால் ஆபரேஷனுக்கு முன்னும், பின்னால் வருடா வருடமும் கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். மின்னல் வெட்டுவதுபோலவோ, கொசுக்கூட்டம் பறப்பதுபோலவோ திடீரென்று தெரிந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தைய ஸ்கேனையும் பவர் சீட்டையும் ஜாதகக் கட்டோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கச் சொல்வேன். அறுபது வயதில் புரை ஆபரேஷனுக்கு வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்குப் போட அந்தப் பழைய எண்கள் உதவும். சீவிய கருவிழியில் வழக்கமான கணக்கு தப்பும்.

இப்போது உங்கள் ஊசி நூலுக்கு வருகிறேன். உங்களுடையது சாளேஸ்வரம், வெள்ளெழுத்து. நாற்பது தாண்டினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகி, கிட்டத்தில் பார்க்கத் தேவையான அளவு வளைந்து கொடுக்காது. கோளாறு உள்ளே இருக்கும்போது வெளி மூடியைச் சீவி முழுத் தீர்வு காண முடியாது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைத்துச் சீவுகிற முறை ஒன்று உண்டு. ஆழம் பார்த்து ஊசிக் காதில் நூல் நுழைக்க இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், தையல்காரருக்கு அது ஒத்துவராது. நானே மைனஸ் 4 கண்ணாடிக்காரன். "டாக்டர், நீங்க ஏன் பண்ணிக்கலை?" என்று கேட்காத ஆள் இல்லை. ஐம்பதைத் தாண்டியபிறகு, மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிடுகிறேன். லேசர் செய்திருந்தால் அதற்கும் ஒரு கண்ணாடி தேடிக்கொண்டிருப்பேன். நீங்கள் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தையல் மிஷினின் ஊசி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கையால் காட்டிப் பவர் பார்க்கச் சொல்லுங்கள். வந்ததோடு கண் அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள், நாற்பதுக்குமேல் அது அவசியம்.

ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு எழுதிய கடிதத்தில் உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. கண்ணாடி அவளுக்குத் தொல்லையா, வரப்போகிற மாப்பிள்ளை வீட்டாருக்கா? பெண் பார்க்க வருகிற அன்றைக்கு மட்டும்தான் பிரச்சினை என்றால் அதற்கு ஆபரேஷன் தேவையில்லை. கண்ணாடியோடு பார்த்துவிட்டுப் பிடித்துப்போகிறவர்கள் வரட்டும். பஸ்ஸில் மூக்குக்கண்ணாடி நழுவுகிறது, கடையில் ஏசிக் குளிரிலிருந்து வெளியே வந்தால் ஆவி படிந்து மங்கிப்போகிறது, தலைவலிக்கிறது என்று அவளே சொன்னால், அவளையே டாக்டரிடம் பேச விடுங்கள்.

புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. எங்கே போனாலும் "லேசர் செய்ய வந்தேன்" என்று சொல்லாமல், "வலது கண்ணில் சிலிண்டர் ஏறுகிறது, கண்ணைக் கசக்குகிற பழக்கம் உண்டு, கார்னியா டாக்டர் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிற பழக்கம் இருந்தால் ஸ்கேனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடட்டும். ஏழாம் வகுப்பிலிருந்து இருக்கிற சீட்டுகளில் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் போங்கள், அந்தச் சொட்டு மருந்துப் பாட்டிலையும்தான். கண் விரிய மருந்து விட்டபிறகு நாலைந்து மணி நேரம் வெயில் கூசும், அவள் ஸ்கூட்டியில் திரும்ப முடியாது. நீங்களும் கூடப் போங்கள். ஸ்கேன் வந்ததும் அந்த நிறப்படத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். லேசிக்கா ஐசிஎல்லா என்ற பேச்சை அதை வைத்துக்கொண்டு தொடர்வோம்.